காதுக்கா, கண்ணுக்கா? தொழிற்பாடங்களை ஆடியோவாக வெளியிடுவதா, வீடியோவாக வெளியிடுவதா?



சென்ற மாதம் நடந்த நம் சங்கச் செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. புதிதாகக் கடை வைப்பவர்களுக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் தொழில் சொல்லிக் கொடுக்கும் பாடங்களைச் சங்கமே தயாரித்து, சிறு விலை வைத்து விற்கலாம் என்பதே அது. சரக்குப் பார்த்து வாங்குவது, இருப்பு வைப்பது, வரிக் கணக்கு, கடன் வசூல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடம். நல்ல யோசனை. எல்லோரும் கை தட்டினோம். அடுத்து எந்த வடிவில் என்ற கேள்வி வந்தது. இளைய உறுப்பினர்கள் ஒரே குரலில் "வீடியோ" என்றார்கள். கேமராமேன், லைட், எடிட்டிங் என்று தொகையும் சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் "கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். பெரியவருக்குப் புதுசு எதுவும் பிடிக்காது என்று பின் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். போட இருப்பது உறுப்பினர்களின் சந்தாப் பணம். போட்ட பிறகு யோசிப்பதைவிடப் போடும் முன் யோசிப்பது நல்லது என்பதால், நம் இதழாசிரியர் கேட்டபடி என் கருத்தை எழுதுகிறேன்.

எனக்கு வீடியோவின் மேல் பகை எதுவும் இல்லை. ஒரு தடவை அதில் கையைச் சுட்டுக்கொண்டவன், அவ்வளவுதான்.

2006-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் பலருக்கு நினைவிருக்கும். 2007 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி, அதாவது வாட், வரப்போகிறது என்று ஒரே பதற்றம். கொள்முதலில் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது நமக்கெல்லாம் புதுக் கணக்கு. பில் புத்தகம் எப்படி, பேரேடு எப்படி என்று சிறு வியாபாரிகள் தவித்தார்கள். எங்கள் தெருவில் நாங்கள் நாலு மொத்த வியாபாரிகள் சேர்ந்து, ஓர் ஆடிட்டரை உட்கார வைத்து வி.சி.டி. ஒன்று தயாரித்தோம். பின்னால் நீலத் திரை, மேசை மேல் பூச்செண்டு, ஒரு மணி நேரப் பேச்சு. வாடிக்கைக் கடைகளுக்கெல்லாம் கொடுக்கலாம் என்று அட்டைப்படமும் அச்சடித்து நிறைய பிரதிகள் போட்டோம்.

பாடம் நல்ல பாடம். ஆடிட்டர் விவரமானவர், நிதானமாகச் சொன்னார். ஆனால் யாரும் பார்க்கவில்லை. ஏன் என்று கடை கடையாகக் கேட்ட பிறகுதான் புரிந்தது. கடையில் டி.வி. கிடையாது. இருந்தாலும் வியாபார நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. இரவு பத்து மணிக்குக் கடை சாத்தி வீட்டுக்குப் போனால், டி.வி. வீட்டுப் பெண்களின் கையில் இருக்கும். அது அவர்கள் நேரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவர் போட்டுப் பார்த்திருக்கிறார். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டதாக அவரே சொன்னார். மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து பேசுவதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒரே ஒருவர் மட்டும் அந்தப் பாடத்தை முழுக்கப் படித்துத் தேறினார். லோடு ஆட்டோவில் கிராமம் கிராமமாக லைன் போட்டு மளிகை விற்பவர். அவருடைய மகன் படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கேசட்டில் பதிந்து கொடுத்திருக்கிறான். வண்டியில் டேப் ரிக்கார்டர் உண்டு. காலையில் போகும்போது ஒரு பக்கம், மாலையில் திரும்பும்போது மறு பக்கம். பதினைந்து நாளில் அவர் வாட் கணக்கில் எனக்கே திருத்தம் சொன்னார். "அண்ணாச்சி, நீங்க போன மாசப் பில்லுல வரியைத் தனியாக் காட்டலையே, அதை வச்சு நான் எப்படிக் கழிக்கிறது?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. பில்லை மாற்றிக் கொடுத்தேன்.

அதே ஆடிட்டர், அதே சொற்கள், அதே ஒரு மணி நேரம். படமாக இருந்தபோது குடோனில் தூங்கியது, ஒலியான பிறகு வேலை செய்தது. மீதி வி.சி.டி.க்கள் வெகு நாள் எங்கள் குடோன் பரணில் கிடந்தன. வயலில் கயிறு கட்டிக் காக்கை விரட்டத் தொங்கவிட்டால் வெயிலில் நன்றாக மின்னும் என்று ஊர்ப்பக்கம் எடுத்துப் போனார்கள். அந்த வகையில் வீண் போகவில்லை.

இதை வைத்து ஆடியோதான் சிறந்தது என்று நான் முடிவு கட்டிவிடவில்லை. இதற்கு நேர் எதிரான அனுபவமும் எனக்கு உண்டு.

துவரம் பருப்பில் கேசரிப் பருப்புக் கலப்பது பழைய மோசடி. கேசரிப் பருப்பைத் தொடர்ந்து அதிகமாக உண்டால் கால்கள் முடங்கிப்போகும் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். விலை மலிவு என்பதால் கலக்கிறார்கள். வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர், வயதில் சிறியவர், வேறு இடத்தில் வாங்கிய பருப்பைப் பற்றிச் சந்தேகப்பட்டு எனக்குப் போன் செய்தார். நானும் நாற்பது வருடத் தொழில் அனுபவத்தில் விளக்கினேன். "தம்பி, துவரை உருண்டையா இருக்கும். கேசரி சதுரமா, ஒரு பக்கம் சரிவா, ஆப்பு மாதிரி இருக்கும்" என்றேன். சிறிது நேரம் கழித்து மறுபடி போன். "அண்ணாச்சி, பார்த்தேன். எல்லாப் பருப்புமே ஒரு பக்கம் தட்டையாத்தான் இருக்கு. மூட்டை பூராவும் கேசரிதான் போல!"

உடைத்த பருப்பு என்றால் ஒரு பக்கம் தட்டையாகத்தானே இருக்கும்! நான் சொன்ன சரிவு வேறு, அவர் பார்த்த தட்டை வேறு. நான் அதை விளக்குவதற்குள் அவர் சரக்கை லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார். அனுப்பிய பருப்பு சுத்தமான பருப்பு. போக வர லாரி வாடகை அவர் தலையில். விற்றவருக்கும் அவருக்கும் மனஸ்தாபம் வேறு. பிறகு என் மகன், மண்டியில் மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த கேசரிப் பருப்பில் பத்தும் துவரம் பருப்பில் பத்தும் வெள்ளைத் தட்டில் போட்டு, விரலால் ஒவ்வொன்றாகப் புரட்டி, செல்போனில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் படம் எடுத்து அனுப்பினான். "இவ்வளவுதானா அண்ணாச்சி" என்றார் அந்தத் தம்பி. நான் கால் மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததை, பேச்சே இல்லாத அந்தப் படம் புரிய வைத்துவிட்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நம் தொழிலில் இது காலங்காலமாக இருக்கிற நடைமுறைதான் என்று எனக்குத் தோன்றியது. விலையை நாம் வாயால் சொல்கிறோம். சரக்கை சாம்பிள் பொட்டலத்தில் காட்டுகிறோம். மிளகாய் என்ன விலை என்பதற்கு எவரும் சாம்பிள் கேட்பதில்லை. மிளகாய் எப்படி இருக்கிறது என்பதைப் போனில் கேட்டு எவரும் லோடு எடுப்பதில்லை. பாடத்தையும் அப்படியே பிரிக்க வேண்டும். கணக்கு, விதி, பேரம், கடன் வசூல், வாடிக்கையாளரிடம் பேசும் முறை எல்லாம் காது வழியாகப் போகிற பாடங்கள். பருப்பு, மிளகு, கடுகு, மூட்டை அடுக்கும் முறை எல்லாம் கண் வழியாகப் போக வேண்டியவை. எல்லாமே வீடியோ என்பதும் எல்லாமே ஆடியோ என்பதும் ஒரே படியை வைத்து எண்ணெயையும் அரிசியையும் அளப்பது போன்றது.

காது எவ்வளவு தூரம் போதும் என்பதற்குத் தஞ்சாவூரில் ஒரு சரித்திரமே இருக்கிறது. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தை விவசாயிகளிடம் கொண்டு சேர்த்ததில் வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டுத்தான் பலரும் அந்த ரகத்துக்கு மாறினார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயரே ரேடியோ நெல். டெலிவிஷன் சென்னைக்கே 1975-இல்தான் வந்தது. ஆக, படமே இல்லாமல் ஒரு மாவட்டத்தின் சாகுபடியை மாற்ற முடிந்திருக்கிறது. எப்படி முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ரேடியோவில் சொன்னது ரகத்தின் பெயர், விதைக்கும் பருவம், எத்தனை நாள் பயிர், எவ்வளவு உரம் என்ற விவரங்கள். நெல்லை எப்படி நடுவது என்று தஞ்சாவூர் விவசாயிக்கு ரேடியோ சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்பவருக்குத் தொழில் தெரியும், புதிய செய்தி மட்டும்தான் தேவை என்றால் ஒலி போதும். தொழிலே தெரியாதவருக்கு முதல் பாடம் சொல்வதென்றால் ஒலி போதாது. நம் சங்கத்தின் பாடங்களிலும் இந்தப் பிரிவு வரும். பத்து வருடம் கடை நடத்துபவருக்கு ஜி.எஸ்.டி. மாற்றத்தைச் சொல்வது வேறு, நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்குக் கடுகைக் காட்டுவது வேறு.

கைப்பேசி வந்த பிறகும் இந்தச் சங்கதி மாறவில்லை. 2007-இல் இஃப்கோ உரக் கூட்டுறவு நிறுவனம் ஏர்டெல்லுடன் சேர்ந்து தொடங்கிய சேவையில், விவசாயிகளின் செல்போனுக்கு வானிலை, சந்தை விலை, பயிர்ப் பாதுகாப்பு பற்றிய குரல் செய்திகளை இலவசமாக அனுப்பினார்கள். எழுத்துச் செய்தியாக அனுப்பவில்லை, குரலாகவே அனுப்பினார்கள். வாசிக்கத் தெரியாதவரும் வரப்பில் நின்றபடி கேட்டுக்கொள்ளலாம் அல்லவா?

நம் கடைகளிலேயே இதற்கு அருமையான உதாரணம் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. செல்போனில் பணம் செலுத்தும் முறை வந்த புதிதில் என்ன பாடுபட்டோம்! கூட்ட நேரத்தில் வாடிக்கையாளர் திரையைக் காட்டுவார். நாம் தராசைப் பார்ப்பதா, சில்லறையைப் பார்ப்பதா, அவர் திரையைப் பார்ப்பதா? பழைய படத்தைக் காட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. பிறகு பேசும் பெட்டி வந்தது. "நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று அது சொன்னால் போதும், தலையை நிமிர்த்த வேண்டியதில்லை. அந்தப் பெட்டியில் ஒரு சின்ன டி.வி. வைத்திருந்தால் நமக்கு ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. மளிகைக்காரனுக்குக் கையும் கண்ணும் எப்போதும் வேலையில் இருக்கும். காது ஒன்றுதான் ஓய்வாக இருக்கும் என்பதை அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காது ஓய்வாக இருக்கிறது என்பதற்காகக் கல்லாவில் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு பாடம் கேட்பது கூடாது. "அரைக் கிலோ உளுந்து" என்று ஒரு பெரியம்மா மூன்று தடவை சொல்லி, நாலாவது தடவை சொல்லாமல் எதிர்க்கடைக்குப் போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பொட்டலம் போடும் நேரம், பின்கட்டில் பருப்புப் புடைக்கும் நேரம், வண்டியில் போகும் நேரம் எல்லாம் கேட்கலாம். மோட்டார் சைக்கிளில் போகும்போது காதை அடைத்துக்கொள்வதும் வேண்டாம்.

இனி செலவுக் கணக்கு. முன்பெல்லாம் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒரு குறுந்தகட்டில் வி.சி.டி. முறையில் படம் பதிந்தால் 74 நிமிடம்தான். அதே தகட்டில் எம்.பி.3 முறையில் பேச்சைப் பதிந்தால் சுமார் 12 மணி நேரம் பிடிக்கும். இப்போது தகடு போய்விட்டாலும் கணக்குப் போகவில்லை. நொடிக்கு 128 கிலோபிட் என்ற கணக்கில் பேச்சைப் பதிந்தால் அரை மணி நேரப் பாடம் 30 எம்.பி.க்குள் முடிந்துவிடும். பேச்சுக்கு அதில் பாதியே போதும். சுமாரான வீடியோவை நொடிக்கு 1,000 கிலோபிட் என்று வைத்தால் அதே அரை மணி நேரம் 225 எம்.பி. ஆகும். 2016-க்குப் பிறகு டேட்டா மலிந்துவிட்டது, யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். அது ஓரளவு உண்மை. ஆனால் கடைப் பையன்களின் செல்போனில் இடமே இருப்பதில்லை. சினிமாப் பாட்டும் கல்யாணப் படமும் நிறைந்திருக்கும். இடம் பற்றாதபோது முதலில் அழிவது நம் பாடமாகத்தான் இருக்கும்.

தயாரிப்புச் செலவைவிட எனக்குப் பெரிதாகப் படுவது திருத்தும் செலவு. நம் தொழிலில் விதிகள் நிலையாக நிற்பதில்லை. நாங்கள் எடுத்த வாட் பாடமே, 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் மளிகைக்காரனுக்குப் பயனற்றுப் போனது. அதன் பிறகாவது நின்றதா? 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு, பிராண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், 5 சதவீத வரி வந்தது. 2025 செப்டம்பர் 22-இல் பிஸ்கட், குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும், நெய் 12-லிருந்து 5-க்கும் இறங்கின. பெரிய செலவில் வீடியோ எடுத்து அதில் வரி விகிதப் பட்டியலையும் காட்டியிருந்தால், ஒவ்வொரு தடவையும் மறுபடி கேமராமேனைக் கூப்பிட வேண்டும். போன தடவை போட்ட சட்டையைத் தேட வேண்டும். ஆடியோ என்றால் அந்த நாலு நிமிடத்தை மட்டும் இரவோடு இரவாகப் பேசிப் பதிந்து மாற்றிவிடலாம். அதுவும் ஒரு வரிப் பாடத்துக்குள் விகிதத்தைச் சொல்லாமல் முறையை மட்டும் சொல்லி, விகிதத்தைத் தனிச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்தால் அந்த வேலையும் மிச்சம். அடிக்கடி மாறுவது எதுவோ அதை மலிவான வடிவில் வையுங்கள். பருப்பின் வடிவம் எந்த அரசாங்க உத்தரவிலும் மாறாது. அதற்குச் செலவழித்து வீடியோ எடுக்கலாம், பல வருடம் உழைக்கும்.

வீடியோவில் எதைக் காட்டலாம் என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. செல்போனுக்கு செல்போன் நிறம் மாறும். என் போனில் சிவப்பாகத் தெரியும் மிளகாய்த் தூள் மகன் போனில் ஆரஞ்சாகத் தெரிகிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் மஞ்சள் வேறு மாதிரி. ஆகவே "இந்த நிறம் இருந்தால் முதல் தரம்" என்று வீடியோவில் சொல்வது ஆபத்து. நிறத்தை நம்பி விலை பேசியவர் நம்மிடம்தான் சண்டைக்கு வருவார். வடிவம், நடத்தை இரண்டையும் நம்பிக் காட்டலாம். மிளகில் பப்பாளி விதை கலந்திருப்பதைப் பாருங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் போகும், பப்பாளி விதை மிதக்கும். ஆனால் பொக்கு மிளகும் மிதக்கும். அதனால் மிதப்பதை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்க்க வேண்டும். மிளகு உருண்டை. பப்பாளி விதை நீள்வட்டமாகச் சுருங்கி இருக்கும். கடுகில் பிரம்மதண்டு விதையும் அப்படித்தான். கடுகின் மேல் வழுவழுப்பாக இருக்கும், நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரம்மதண்டு மேலே சொரசொரப்பு, உள்ளே வெள்ளை. 1998-இல் டெல்லியில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை வியாபாரிகள் மறக்கக் கூடாது. இப்படிப்பட்ட பாடத்தை வாயால் சொல்லி, கேட்டவர் தவறாகப் புரிந்துகொண்டால், விளைவு ஒரு லாரி வாடகையோடு நிற்காது.

இன்னொரு காரணமும் வீடியோவுக்குச் சாதகமாக இருக்கிறது. இன்று நம் குடோன்களில் பீகார், ஒடிசா, அசாம் என்று பல மாநிலத் தம்பிகள் வேலை செய்கிறார்கள். சுவரை ஒட்டாமல் மூட்டை அடுக்குவது, தரையில் வைக்காமல் கட்டை போட்டு வைப்பது, முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகும்படி வரிசை வைப்பது ஆகியவற்றை ஒரு தரம் படமாகக் காட்டினால் மொழியே தேவையில்லை. ஆடியோவாக எடுத்தால் இந்தி, ஒடியா, அசாமி என்று எத்தனை தடவை பேசுவது?

வீடியோ எடுக்கும்போது பெரிய ஏற்பாடுகள் வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். சங்கத் தலைவர் குத்துவிளக்கு ஏற்றுவதும் பொன்னாடையும் பாடத்தில் வேண்டாம். முகம் வேண்டாம், கை மட்டும் போதும். காலை வெளிச்சத்தில் கடை வாசலில், வெள்ளைத் தட்டில் சரக்கைப் போட்டு, அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயம் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை அசையாமல் காட்டினால் போதும். படம் எடுத்தவுடன் ஒலியைச் சரிபாருங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு இரைச்சலாக இருந்தால் அரை நிமிடம் பொறுக்க மாட்டார்கள். தவிர, நம் சரக்குகளில் சில சத்தத்தாலேயே தரம் சொல்பவை. நன்கு காய்ந்த குண்டு மிளகாயைக் குலுக்கினால் விதை கலகலக்கும். நிலக்கடலைக் காயும் அப்படியே. கொப்பரை முற்றிக் காய்ந்தால் ஓட்டுக்குள் உருளும் சத்தம் கேட்கும். வீடியோவில் பின்னணி இசை சேர்க்கிறேன் என்று வீணையை வாசித்து அந்தச் சத்தத்தை அமுக்கிவிடாதீர்கள்.

ஆடியோவுக்கு இடம் தேடி ஸ்டுடியோவுக்குப் போக வேண்டாம். கடை சாத்திய பிறகு ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, குடோனில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசுங்கள். வெறும் அறையில் பேசினால் கிணற்றுக்குள் பேசுவது போல எதிரொலிக்கும். சாக்கு மூட்டைகள் சூழ இருந்தால் அது வெகுவாகக் குறைந்துவிடும். எழுதி வைத்து வாசிக்க வேண்டாம். வாசிப்பது கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். வானொலி வேளாண் நிகழ்ச்சிகளில் இரண்டு பேர் பேசிக்கொள்வது போல வருமே, அந்த முறை நல்ல முறை. விவரம் தெரிந்தவர் ஒருவர், சந்தேகம் கேட்பவர் ஒருவர். கேட்பவர் உண்மையிலேயே தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. நமக்குத் தோன்றாத கேள்வியை அவர்தான் கேட்பார். எண்கள் வந்தால் இரண்டு தடவை சொல்லுங்கள். மூன்று எண்ணுக்கு மேல் வந்தால் பேச்சில் வைக்காதீர்கள், சீட்டில் அச்சடித்துவிடுங்கள்.

அந்தச் சீட்டைப் பற்றி யாரும் கூட்டத்தில் பேசவில்லை. ஆடியோவா வீடியோவா என்ற சண்டையில் காகிதத்தை மறந்துவிட்டோம். ஒரு மணி நேர ஒலிப்பதிவில் முப்பத்தேழாவது நிமிடத்தில் சொன்ன ஒரு சதவீதத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் வாடிக்கையாளர் போய்விடுவார். வீடியோவிலும் அதே கதைதான். கல்லா மேல் ஒட்டி வைத்த ஒரு பக்கச் சீட்டில் கண் ஓட்டினால் அரை நிமிடம். பாடம் எந்த வடிவில் இருந்தாலும் அதோடு ஒரு சீட்டு போக வேண்டும். பாடங்களும் ஒரு மணி நேரமாக இருக்கக் கூடாது. ஒரு சரக்குக்கு ஒரு பாடம், நாலைந்து நிமிடம், தலைப்பிலேயே பெயர். "மிளகு, பப்பாளி விதை" என்று இருந்தால் தேடுகிறவருக்குக் கிடைக்கும். "வணிக வழிகாட்டி பாகம் 3" என்றால் யாருக்குக் கிடைக்கும்?

விற்பனையைப் பற்றி இரண்டு வார்த்தை. வீடியோ என்றால் ஜனங்கள் காசு கொடுப்பார்கள், ஆடியோவுக்கு யார் கொடுப்பார்கள் என்று பொருளாளர் கேட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாங்கும் நேரத்தில் படம்தான் கண்ணை இழுக்கும். ஆனால் வாங்கியவர் பயன்படுத்தாவிட்டால் அடுத்த பாடத்தை வாங்க மாட்டார். எங்கள் வி.சி.டி.யை ஓசியில் கொடுத்தே பார்க்கவில்லை என்பதை மேலே சொன்னேன். என் யோசனை, ஒன்றிரண்டு சிறிய வீடியோக்களை சாம்பிள் பொட்டலம் போல இலவசமாக விடலாம். அது மறுநாளே எல்லார் போனிலும் சுற்றும். சுற்றட்டும், சங்கத்தின் பெயரும் சேர்ந்து சுற்றும். கணக்கு, வசூல் பாடங்களை ஆடியோவாக, அச்சிட்ட சீட்டுகளோடு சேர்த்து விலைக்குக் கொடுக்கலாம். ஒலியைக் காப்பியடிப்பவர்கூடச் சீட்டுக்காகச் சங்கத்துக்கு வருவார்.

வாங்குகிறவர் கையில் எந்தக் கருவி இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 1975-இல் சோனி கொண்டுவந்த பீட்டாமாக்ஸ் வீடியோ நாடா படத்தின் தெளிவில் உயர்ந்தது என்று பெயர் வாங்கியது. ஆரம்பத்தில் அதில் ஒரு மணி நேரம்தான் பதிய முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த வி.எச்.எஸ். நாடாவில் இரண்டு மணி நேரம். ஒரு முழுப் படம் பதிய வேண்டும் என்பதுதான் ஜனங்களின் தேவையாக இருந்தது. எது நிலைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்று எங்கள் வி.சி.டி.யைப் பார்க்கலாம் என்றால் அதை ஓட்டும் பெட்டியே என் வீட்டில் இல்லை.

ஆகவே அடுத்த செயற்குழுவில் நான் வைக்கப்போகும் கோரிக்கை இதுதான். முதல் கட்டமாக ஆறு பாடங்கள். துவரம் பருப்பு, மிளகு, கடுகு, மூட்டை அடுக்குதல் நாலும் வீடியோ, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்குள். கடன் வசூலும் ஜி.எஸ்.டி. பில்லும் ஆடியோ, உரையாடலாக. வசூல் பாடத்துக்குப் பேச அந்த லைன் வியாபாரியையே கேட்டிருக்கிறேன். எப்படிக் கேட்டால் கோபம் வராமல் பாக்கி வரும் என்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கேமராமேனுக்கு என்று ஒதுக்கிய தொகையில் பெரும் பகுதியை இப்போதைக்குத் தொட வேண்டாம். வீடியோக்களை என் மகனும் பொருளாளரின் மருமகனும் செல்போனிலேயே எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆறையும் முதலில் பத்துக் கடைகளுக்கு மட்டும் கொடுத்து, ஒரு மாதம் கழித்து எதை முழுக்கக் கேட்டீர்கள், எதைப் பாதியில் விட்டீர்கள் என்று நேரில் போய் விசாரித்த பிறகு மற்றதை யோசிக்கலாம். விசாரிக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

புளியும் பெருங்காயமும் பட்டியலில் இல்லையே என்று சிலர் கேட்கலாம். புளியை விரலில் பிசைந்து பிசுக்குப் பார்க்க வேண்டும், பெருங்காயத்தை முகர்ந்து பார்க்க வேண்டும். இரண்டையும் எந்தக் கருவியும் அனுப்பித் தராது. இதைக் கற்றுக்கொள்ள விரும்புகிற பையன்களை ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் மண்டிக்கு அனுப்பி வையுங்கள். புதுப் புளியும் பழம்புளியும் இரண்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.